முந்திரி இல்லாத கப் கேக்

சென்ற ஆண்டு ஆனி, ஆடி இரண்டு மாதங்களில் நான் தின்ற கப் கேக்குகள் நாற்பத்தொன்று. எண்ணிக்கையில் தவறு இருக்காது. ஒவ்வொன்றுக்கும் நாள், கடை, வாயில் என்ன தட்டுப்பட்டது என்று கைபேசியில் குறித்து வைத்திருக்கிறேன். நல்ல கேக் என்று யாராவது சொல்லிவிட்டால் வெயிலில் இரண்டு பேருந்து மாறிப் போகிற ஆள் நான். இருந்தும் அந்த நாற்பத்தொன்றில் ஒன்றைக்கூட ருசித்துச் சாப்பிட்டதாகச் சொல்ல முடியாது. கடலூரிலும் சிதம்பரத்திலும் பேக்கரி வாசல்களில், டீ குடிக்கிற ஆண்களுக்கு நடுவே, கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டு கேக்கை நாக்கின் மேல் கரைய விட்டபடி நின்றிருக்கிறேன். நாற்பத்தாறு வயதுப் பெண் அப்படி நின்றால் பார்க்கத்தான் செய்வார்கள். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒருவர் தன் நண்பரிடம், "அந்தம்மாவுக்குப் பல்லு வலி போல" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

முந்திரி துளியும் படாத ஒரு கப் கேக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு கடை சிதம்பரத்தில் கிடைத்தால் என் மகள் அங்கே விடுதியில் தங்கிப் படிப்பாள். கிடைக்காவிட்டால் தினமும் கடலூரிலிருந்து போய் வருவாள். எங்களுக்குள் அப்படித்தான் பேச்சு. கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தோன்றும் என்று தெரியும். தோன்றட்டும்.

எங்கள் வீட்டில் கேக் பைத்தியம் இரண்டு பேர், நானும் அவளும். குடிகாடு பக்கம் இருக்கிற தொழிற்பேட்டையில், ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். மதியம் வீட்டுக்கு வந்ததும், காலையிலிருந்து மூக்கில் ஏறியிருக்கிற நெடி போக முகம் கழுவிக்கொண்டு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு கடை, திருப்பாதிரிப்புலியூரில் இரண்டு, முதுநகரில் ஒன்று. ஒரு கடைக்கு ஒரு கேக்தான். அதை இரண்டாகப் பிட்டுத் தின்றுகொண்டே அடுத்த கடைக்கு நடப்போம். எந்தக் கடையில் முட்டை வாடை தூக்கல், எந்தக் கடையில் நேற்றைய கேக்குக்கு இன்று கிரீம் தடவி வைக்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு எட்டு வயதிலேயே தெரியும். "ஆத்தாளும் மவளும் ரவுண்ட்ஸ் கெளம்பிட்டீங்களா?" என்று என் கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்பார். அவருக்கு மிக்ஸர்தான் உயிர்.

அத்தனை வருடமும் கேக்கில் கிடக்கிற முந்திரியை அவள் நகத்தால் கிள்ளி எடுத்து என் கையில் வைத்துவிடுவாள். "தொண்ட அரிக்குதும்மா" என்பாள். நான் நம்பவில்லை. நான் பண்ருட்டிப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் முந்திரி ஆகாது என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. வெளியூருக்குப் போனால் கையில் அரைக் கிலோ முந்திரியோடுதான் போவோம். கல்யாணப் பாயசத்தில் முந்திரி குறைந்தால் அதைப் பல வருடம் சொல்லிக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குழந்தை முந்திரி வேண்டாம் என்றால் அது அடம், வேறென்ன? "இந்த ஊர்ல பொறந்துட்டு முந்திரி வேணாங்கறா பாரு" என்று உறவுக்காரர்கள் முன்னால் கேலி பேசியிருக்கிறேன். பழகட்டும் என்று குருமாவில் அரைத்து ஊற்றியிருக்கிறேன். மறுநாள் அவளுக்கு மூக்கு ஒழுகும், உதடு கொஞ்சம் தடித்திருக்கும். கடற்கரை ஊர், காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்போம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று நல்ல மதிப்பெண். புதிதாகத் திறந்திருந்த ஒரு கடையிலிருந்து ஆறு கப் கேக் வாங்கி வந்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் பாதி முந்திரி. வழக்கம்போல நான்தான் முதலில் கடித்தேன். மாவிலும் முந்திரியை அரைத்துச் சேர்த்திருக்கிறார்கள் என்று என் நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. அரைத்த முந்திரிக்குக் கடைசியில் ஒரு பால் வாசம் உண்டு, கேக் கரைந்த பிறகும் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். சின்ன வயதிலிருந்தே பழகிய வாசம்.

அவள் மேலே இருந்ததைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. சாப்டு" என்றேன்.

சாப்பிட்டு முடித்ததும், பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிக்காட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் அவள் குரல் மாறியது. யாரோ வேறு பெண் பேசுவது போல இருந்தது. கழுத்தில் திட்டுத் திட்டாகச் சிவந்தது. கண் இமை தடித்தது. "மூச்சு" என்று மட்டும் சொன்னாள். தெருமுனை ஆட்டோக்காரர் எங்கே நிறுத்தினார், யார் அவளைத் தூக்கினார்கள், எதுவும் வரிசையாக நினைவில் இல்லை. ஆட்டோவில் அவள் என் முழங்கையைப் பிடித்திருந்த பிடி மட்டும் நினைவிருக்கிறது. ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு மருத்துவர் கேட்டார்.

"முன்னாடி எப்பவாவது ஏதாவது சொல்லியிருக்காளா?"

"தொண்ட அரிக்குதுன்னு சொல்லுவா."

"எத்தன வருஷமா?"

என் கணவர்தான், "சின்னப் புள்ளையிலேர்ந்தே" என்றார்.

மாவில் முந்திரி இருந்தது எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆய்வகத்தில் ஒரே வாரத்தில் இரண்டு கண்ணாடிக் குடுவைகளை உடைத்தேன். வீட்டில் இருந்த முந்திரி, பாதாம், மிக்ஸி ஜாடி, சல்லடை எல்லாவற்றையும் வெளியே போட்டேன். அடுத்த அறையில் அவள் இருமினால் எழுந்து நின்றுவிடுவேன். போய்ப் பார்த்தால் கைபேசியில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் என்னைவிடச் சீக்கிரம் தேறிவிட்டாள். எப்போதும் கூடவே வைத்திருக்க வேண்டிய ஊசி மருந்தை எப்படிப் போட்டுக்கொள்வது என்று கற்றுக்கொண்டு, ஒரு சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினாள். "இந்தப் பழம் பொழச்சிடுச்சும்மா" என்று அதை என் முன்னால் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனி பிறந்ததும் சிதம்பரத்தில் இடம் கிடைத்தது. விடுதியும் கிடைத்தது. விடுதி வேண்டாம் என்றேன்.

"தெனம் போய்ட்டு வரவே ரெண்டரை மணி நேரம் ஆவும்மா. லேப் முடியவே அஞ்சாயிடும்னு சீனியருங்க சொல்றாங்க."

"வீட்டுச் சாப்பாடு சாப்டலாம்ல."

"ஹாஸ்டல் மெஸ்ஸுல யாரு முந்திரி போடப்போறாங்க? ரசத்துல தக்காளியே தேடித்தான் எடுக்கணுமாம்."

"மெஸ்ஸப் பத்தி பயம் இல்லடி. பொறந்த நாளப் பத்திதான்."

அவளுக்குப் புரிந்தது. விடுதியில் ஒரு தளத்தில் முப்பது பெண்கள் இருந்தால் வருடத்துக்கு முப்பது கேக். வெட்டுகிறவள் முதல் துண்டைத் தன் கையாலேயே மற்றவர் வாயில் ஊட்டுவாள். தட்டில் கொடுத்தால் பிறகு சாப்பிடுகிறேன் என்று தள்ளி வைக்கலாம். வாய்க்கு நேராக நீண்டிருக்கிற கையை, அதுவும் பிறந்த நாள்காரியின் கையை, எப்படித் தட்டிவிடுவது? நம் ஆட்களுக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. அதோடு முடியாது. மீதிக் கிரீமை எடுத்துக் கன்னத்தில் அப்புவார்கள். மறுப்பதற்கு நேரமே கிடைக்காத விளையாட்டு அது.

"கேக்கே சாப்டாதன்னு சொன்னா கேப்பியா?" என்றேன்.

"மாட்டேன்" என்றாள். "நீ கேப்பியா?"

அவள்தான் விளையாட்டாக ஒன்று சொன்னாள். "நீயே சிதம்பரத்துல ஒரு கட கண்டுபுடிச்சுக் குடு. ஒரே ஒரு கட. அங்க மட்டும் சாப்டறேன். எங்க ஃப்ளோர்ல யாருக்குப் பொறந்த நாள்னாலும் அங்கதான் ஆர்டர் குடுக்கணும்னு சண்ட போடறேன். போதுமா?"

அவள் சொன்னது வேடிக்கைக்கு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கண்டுபிடித்தால் விடுதிப் படிவத்தில் கையெழுத்துப் போடுகிறேன், இல்லையென்றால் இல்லை என்றேன்.

"ஒனக்குக் கேக்கு திங்க ஒரு சாக்கு" என்றார் கணவர்.

தேடியது கப் கேக்கை மட்டும்தான். பெரிய கேக்குக்குச் சொல்லி வைக்க வேண்டும். கப் கேக் எல்லாக் கடையிலும் இருக்கும், ஒரு கடையின் மாவு எப்படி, கை எப்படி என்பது அதிலேயே தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரம் கடலூரிலேயே கேட்டுப் பழகினேன். திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் பல வருடமாகப் போகிற கடையில் இருந்து தொடங்கினேன்.

"முந்திரி இல்லாத கப் கேக் இருக்கா?"

"மேல இல்லாதது இருக்குது மேடம்."

"உள்ள?"

"உள்ள நல்லாவே போட்டிருக்கோம். நீங்க பயப்படாம எடுங்க."

முந்திரி இல்லாமல் ஒன்றைக் கேட்பார்கள் என்று யாருக்கும் தோன்றவேயில்லை. குறைவாகப் போட்டுவிட்டதாகக் குறை சொல்ல வந்திருக்கிறேன் என்றே எடுத்துக்கொண்டார்கள். சிதம்பரம் மேல வீதிப் பக்கம் ஒரு கடையில் கல்லாவில் இருந்த அம்மா என் கேள்வியை முழுதாகக் கேட்காமலே உள்ளே போய், ஒரு கைப்பிடி வறுத்த முந்திரியை என் தட்டில் போட்டுவிட்டு, "நமக்குள்ள என்னாங்க கணக்கு, சாப்டுங்க" என்றார். அந்தத் தட்டைத் தொடாமல் வெளியே வந்தேன். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தும் திரும்பிப் போய் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. இன்னொரு கடையில் நான் கண்ணை மூடி மென்றதையும் கைபேசியில் குறித்ததையும் பார்த்து, உணவு ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள். இரண்டே நிமிடத்தில் எல்லோர் தலையிலும் தொப்பி. எனக்கு ஒரு சாத்துக்குடி ஜூஸ் வந்தது.

முந்திரி சுத்தமாகக் கிடையாது என்று ஒரு கடைக்காரர் அடித்துச் சொன்னார். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது.

"இருக்குதுங்களே."

"இல்லீங்க மேடம்."

"அரைச்சுப் போட்டிருக்கீங்க."

"அது முந்திரி இல்ல மேடம், பவுடரு" என்றார். பொய் சொல்லவில்லை அவர். முழுதாகப் பல்லில் கடிபட்டால்தான் அவருக்கு அது முந்திரி.

வேலை முடிந்ததும் குடிகாடு நிறுத்தத்திலேயே சிதம்பரம் பேருந்தில் ஏறிவிடுவேன். ஆலப்பாக்கம் தாண்டும் முன்பே கைபேசியை எடுத்து, "என்ன சாப்ட்ட?" என்று அவளைக் கேட்பேன். பரங்கிப்பேட்டை பிரிவு வரும்போது மறுபடியும். ஒரு நாள் குடையைப் பேருந்தில் விட்டேன், இன்னொரு நாள் சாப்பாட்டுப் பையை. ஒரு கடையில் மீதிச் சில்லறையை வாங்காமல் வந்துவிட்டேன். உட்கார்ந்து ஒரு கேக்கைத் தின்ன என்னால் முடியாமல் போயிருந்தது. மென்றுகொண்டே அடுத்த கடையின் பலகையைத் தேடிக்கொண்டிருப்பேன். ஆனித் தேருக்கு மறுநாள் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு கீழ வீதியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்றிலும் பால் வாசம்.

ஆடி முதல் வாரம், ரயிலடிக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் அந்தக் கடையைப் பார்த்தேன். அகலம் ஒரு கதவு அளவுதான். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் அடுப்பு. சுடுகிறவரும் முதலாளியும் ஒருவரே. ஐம்பது வயதிருக்கும், கிள்ளைக்காரர். அவர் மனைவி கல்லாவில் இருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவர் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"யாருக்கு ஆவாது?" என்றார்.

அத்தனை கடைகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். மகளுக்கு என்றேன். ஆட்டோவையும் ஊசியையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"என் மச்சானுக்கு எறா ஆவாதுங்க. பொறந்தது வளந்தது எல்லாம் கிள்ளையில. எறா வேவுற ஆவி பட்டாலே மூஞ்சி வீங்கிப்பூடும். பொண்ணு பாக்கப் போன எடத்துல எறா வறுவல் வெச்சிட்டாங்க. மரியாதைக்கு ஒண்ணே ஒண்ணு தின்னான். பொண்ணு வூட்டுக்காரங்களே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுனாங்க."

"கல்யாணம் நடந்துச்சா?"

"ஜோரா நடந்துச்சு. மூஞ்சி வீங்கியே மாப்ள இவ்ளோ லட்சணம்னா, வத்துனா எப்படி இருப்பாருன்னு பொண்ணு ஒத்துக்கிச்சு."

"எங்கண்ணனச் சொல்லலன்னா இவுருக்குத் தூக்கம் வராது" என்றார் அவர் மனைவி. "நீங்க உள்ள வந்து பாருங்கக்கா. இவுரு சொல்றத நம்பாதீங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். சாதாரணக் கப் கேக்குக்கு மைதா, சர்க்கரை, முட்டை, எண்ணெய், ஏலக்காய். முந்திரி கேக் சனிக்கிழமை மட்டும். அதற்கு வேறு பாத்திரம், வேறு கரண்டி. கழுவுகிற தொட்டி ஒன்றுதான் என்றேன். அடுத்த முறை போனபோது தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார். நான்கு முறை, முன்கூட்டிச் சொல்லாமல் வெவ்வேறு நாளில் போய்ச் சாப்பிட்டேன். நான்கு முறையும் காகிதத்தை உரித்து, மென்று, காத்திருந்து பார்த்தேன். அண்ணத்தில் எதுவும் ஒட்டவில்லை. ஏலக்காய் மட்டும் கொஞ்சம் தூக்கல். நாற்பதாவது கேக்குக்கு நேராக, "சரி" என்று குறித்துக்கொண்டேன்.

விடுதியில் சேர வேண்டிய நாளில் கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. நானும் அவளும் பெட்டி, வாளி, தலையணையோடு பேருந்தில் வந்தோம். கையெழுத்துப் போடாத படிவம் என் பையில் இருந்தது. முதலில் கடை, பிறகு விடுதி என்று சொல்லியிருந்தேன். முந்தின நாளே தொலைபேசியில் சொல்லி வைத்திருந்ததால் கணவனும் மனைவியும் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

"இதான் பாப்பாவா? ஒல்லியா இருக்கு. ரெண்டு மாசம் நம்ம கடைக்கு வரட்டும்" என்றார் அவர். ஒரு தட்டை எடுத்து வைத்தார். ஆறு கப் கேக். நான் முன்பு சாப்பிட்டது போல் இல்லை. காகிதம் இல்லாமல், பூப் போன்ற அச்சில் சுட்டு, பளபளவென்று இதழ் இதழாக இருந்தன.

"பாப்பாவுக்குன்னே போட்டது. மொத மொத வருது இல்ல?"

நான் ஒன்றை எடுத்து மேல்பக்கம் கொஞ்சம் பிட்டு வாயில் போட்டேன். கண்ணை மூடினேன். முட்டை, சர்க்கரை, ஏலக்காய். கரையும் வரை பொறுத்தேன். பிறகும் பொறுத்தேன். எதுவும் இல்லை.

"ஒண்ணும் இல்ல. சாப்டு" என்றேன்.

அவள் ஒன்றைக் கையில் எடுத்தாள். வாய் வரை கொண்டுபோனவள் நிறுத்தி, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, பேப்பர் இல்லாம சுட்டா அச்சுல ஒட்டிக்காதா?"

"ஒட்டாது பாப்பா. அதான் தடவியிருக்கோமே."

"என்ன தடவுனீங்க?"

"நெய்ய தடவி, மேல..." என்றவர் நின்றார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. "முந்திரித் தூளு" என்றார்.

"ஐயோ" என்றார் அவர் மனைவி.

அவள் கேக்கைத் தட்டில் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள். "வாயில வெக்கலம்மா. கைதான் பட்டுச்சு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சோப்பு கேட்டு வாங்கிக் கையை முழங்கை வரை கழுவினாள். நான் என் கையில் மிச்சமிருந்ததைத் திருப்பி, அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்தேன். இருந்தது. பொன்னிறமாக, மெல்லிய தோல் போல, பால் வாசத்தோடு.

ஆய்வகத்தில் மூட்டை வந்தால் நீளமான குழாயைச் செருகி மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துத்தான் சோதிப்போம். மேலாக அள்ளிக்கொண்டு வருகிற புது ஆட்களை நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இருபத்திரண்டு வருட வேலை. என் மகளுக்கு என்று வந்தபோது மேல்பக்கம் மட்டும் கிள்ளி வாயில் போட்டேன். அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மாவு தூவுனா அடியில வெள்ள வெள்ளையா நிக்கும்மா, பாக்க நல்லா இருக்காது" என்று அவர் என்னைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். "நல்ல காரியத்துக்குப் போடற கேக்குக்கு எப்பவும் முந்திரித் தூளுதான் தூவுவோம். கேக்குல போடலம்மா. சத்தியமா போடல. அச்சுலதான்... அது எனக்குத் தோணவே இல்லம்மா."

"ஒங்கள நம்பித்தானே கூட்டியாந்தேன்" என்று கத்தினேன். கடைக்கு வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மைதா மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. சாதாரணக் கேக்கைக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இவளுக்கென்று அழகாகச் செய்யப் போய்த்தான் இப்படி ஆனது. அது புரிந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

"வா, வீட்டுக்கே போயிடலாம்" என்று அவள் பெட்டியைத் தூக்கினேன்.

அவள் வரவில்லை. ஈரக் கையை உதறிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "அண்ணா, எனக்கு இந்தப் பூவெல்லாம் வேணாம். எப்பவும் பேப்பர்ல போடுவீங்களே, அது போதும். முந்திரி கேக்கு போடற அன்னிக்கி வர மாட்டேன். மத்த நாள்ல நான் வந்து என்னா ஏதுன்னு கேப்பேன். எத்தன தடவ வந்தாலும் கேப்பேன். கோவப்படாம இன்னிக்கி மாதிரி சொல்லிடுங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அந்தச் சந்திலிருந்து வெளியே வந்ததும் நான் நின்றேன். "இவ்ளோ ஆனப்புறமும் இந்தக் கடையா வேணும் ஒனக்கு?"

"இதான் வேணும். கேட்ட உடனே சொன்னாரு இல்ல? அவுருக்கே அப்பதான் தெரிஞ்சிச்சு, இருந்தாலும் மறைக்கல." என் பக்கம் திரும்பி, "நீ சொன்னியா?" என்றாள்.

ஷேர் ஆட்டோ ஒன்று ஒலி எழுப்பிக்கொண்டு எங்களை உரசிப் போனது. பெட்டியைக் கீழே வைத்தேன்.

"ரிசல்ட் வந்த அன்னிக்கி உள்ள ஒண்ணும் இல்லியேன்னு கேட்டேன். நீ கடிச்சுட்டு ஒரு நொடி நிறுத்துன. ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுதாம்மா இருந்தேன்."

"தெரியும்" என்றேன். "உள்ள இருந்தது எனக்குத் தெரியும். சொல்லல."

"ஏன்?"

"ஒனக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன். நீ அடம் புடிக்கறன்னு நெனச்சேன்."

அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. வாளிக்குள் இருந்த தலையணையை எடுத்து மறுபடியும் அழுத்தி வைத்தாள். "அப்பாகிட்ட சொல்லிடு" என்றாள். "என்கிட்டயும் இனிமே சொல்லிடு. பயமா இருந்தாலும் சொல்லு. எனக்காக நீ தின்னு பாக்க வேணாம். நானே கேட்டுக்கறேன்."

விடுதி அலுவலகத்தில் வரிசை நீளமாக இருந்தது. குமராட்சிப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் நின்றது, அம்மா, அப்பா, மாமா, இரண்டு சித்திகள். அந்தப் பெண்ணும் இவளும் ஐந்து நிமிடத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே அறை. நான் பெட்டியின் மேல் படிவத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். அறைக்குப் போகும் முன் இவள் அந்தப் பெண்ணிடம் தன் ஊசிப் பையைத் திறந்து காட்டி, எங்கே குத்த வேண்டும் என்று தொடையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண் கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. நான்காம் நாள், "அவள்ட்ட சொல்லிட்ட இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நான் சமையலறையில் இருந்தேன். கைபேசி அடித்தது.

"மா, அந்தக் கடையிலதான் இருக்கேன். எல்லாம் கேட்டுட்டேன். பேப்பர், எண்ணெ, தட்டு, கரண்டி. என்னப் பாத்தாப் போதும், அவுரு மூச்சு விடாம ஒப்பிக்கறாரு. ஒண்ணு சாப்டப்போறேன்."

வேண்டாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. "யாரு கூட இருக்கா?" என்றேன்.

"ரூம் மேட்டு இருக்கா. ஊசி அவகிட்ட இருக்கு."

காகிதம் உரிகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் மெல்லுகிற சத்தம். பின்னால் டீ ஆற்றுகிறார்கள், யாரோ பன் பட்டர் ஜாம் கேட்கிறார்கள். அடுப்பை அணைத்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நின்றேன். அவள் குரலில் ஏதாவது மாறுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வகுப்பைப் பற்றிச் சொன்னாள். மெஸ்ஸில் போட்ட சாம்பாரைப் பற்றிச் சொன்னாள். அறைத் தோழி தூக்கத்தில் நெல் விலை பேசுகிறாள் என்றாள். பக்கத்தில் இருந்தவள், "ஏய், பொய் சொல்லாத" என்று கத்தினாள்.

"மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"கால் மணி நேரம் ஆச்சு. ஒண்ணும் ஆவல. வெச்சிடட்டா?"

"இன்னும் கொஞ்ச நேரம் பேசு" என்றேன்.

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. கேக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

"ஏலக்கா ஜாஸ்தி" என்று ஆரம்பித்தாள்.